நிறுவனம் கதவடைத்த பிறகும் வாழும் மெய்நிகர் உலகங்கள்

சுங்கை ஆயர் தாவார், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூரில் எந்தப் பக்கம் போனாலும் பள்ளி விடுமுறையில் ஒரே காட்சிதான். பிள்ளைகள் கைப்பேசியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டம் கட்டமாகக் கல் அடுக்கி வீடு, பாலம், பள்ளிக்கூடம் எழுப்புகிறார்கள். சிலர் கோயில் கோபுரமும் கட்டுகிறார்கள்.

பெரியவர்கள் இதை வெறும் விளையாட்டு என்று விட்டுவிடுகிறோம். ஆனால், மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய அந்த வீடு யாருக்குச் சொந்தம்? அதை நடத்தும் நிறுவனம் நாளைக்கே கதவை மூடினால் அந்த வீடு என்ன ஆகும்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மூன்று தலைமுறையாக லயத்து வீட்டில் வாழ்ந்தோம். கோயிலை நாமே பணம் சேர்த்துக் கட்டினோம். ஆனால் நிலம் நிர்வாகத்தின் பெயரில் இருந்தது. தோட்டம் கைமாறிய போதுதான் பலருக்கு அதன் பொருள் புரிந்தது.

கணினிக்குள் இருக்கும் உலகங்களிலும் இதே நிலைதான். ஆனால் அங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சில உலகங்களை அவற்றின் பயனர்களே சட்டப்படி பிரதியெடுத்து, வேறு இடத்தில் தொடர்ந்து நடத்த முடியும். இதைக் கணினித் துறையில் 'ஃபோர்க்' என்பார்கள். நாம் 'கிளைபிரித்தல்' என்று சொல்லலாம். அது எப்படி நடக்கிறது, நம் பிள்ளைகளுக்கும் பள்ளிகளுக்கும் அதனால் என்ன பயன் என்பதைப் பார்ப்போம்.

மெய்நிகர் உலகம் என்பது என்ன?

பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, நடந்து, பேசி, பொருள்களை உருவாக்கக்கூடிய கணினி உலகமே மெய்நிகர் உலகம். அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, நம் கணினியிலோ கைப்பேசியிலோ இருக்கும் செயலி. அதுதான் நமக்குக் காட்சியைக் காட்டுகிறது. மற்றொன்று, எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக ஓடும் சர்வர். வீடு எங்கே இருக்கிறது, மரம் எங்கே நிற்கிறது, யார் எங்கே நடக்கிறார் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஆகவே, செயலி நம் கையில் இருந்தாலும் சர்வர் நிறுவனத்திடம் இருந்தால் உலகம் நிறுவனத்துடையதுதான். சர்வரை அணைத்தால் உலகமே இருக்காது.

சங்கம் பிரிவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

ஒரு சங்கம் இரண்டாக உடைவதை நாம் பார்த்திருக்கிறோம். கட்டடம் யாருக்கு, வங்கிக் கணக்கு யாருக்கு, முத்திரை யாரிடம் என்று சண்டை வரும். ஒரு தரப்பு எடுத்துக்கொண்டால் மறு தரப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

திறமூல மென்பொருளில் அப்படியில்லை. அதன் மூல நிரல், அதாவது மென்பொருளின் முழு வரைபடம், யாரும் பிரதியெடுக்கும்படி வெளியிடப்பட்டிருக்கும். 'இதைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்' என்று உரிமத்தில் எழுதியிருக்கும். பிரிந்து போகிறவர்கள் முழுக் கட்டடத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு போகலாம். இருப்பவர்களுக்கும் ஒரு செங்கல்கூடக் குறையாது.

பிரதியெடுக்க முடியாதவை இரண்டு உண்டு. ஒன்று, பெயர். வணிகப் பெயர் பழைய உரிமையாளருக்கே சொந்தம் என்பதால், கிளைபிரிந்தவர்கள் பெரும்பாலும் புதுப் பெயர் வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, மனிதர்கள். பத்துப் பேர் பார்த்த வேலையை ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நமக்குத் தெரிந்த உதாரணங்களே இருக்கின்றன. தமிழ் இணையத்தளங்கள் பலவும் இயங்கும் வேர்ட்பிரஸ், 2003இல் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைபிரிந்ததுதான். கடிதம் தட்டச்சு செய்ய உதவும் லிப்ரே ஆபிஸ், 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்தது. ஓப்பன் ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பிறகு, அதை உருவாக்கிவந்த தன்னார்வலர்களில் பலர் தனி அறக்கட்டளை அமைத்து வெளியேறினார்கள். இன்று பலரும் பயன்படுத்துவது அந்தக் கிளையைத்தான்.

உரிமம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

கிளப் பெங்குவின் என்ற சிறுவர் உலகத்தை ஒரு காலத்தில் உலகெங்கும் பிள்ளைகள் விளையாடினார்கள். 2007இல் டிஸ்னி அதை வாங்கியது. 2017 மார்ச் மாதம் மூடியது. அந்த உலகத்தை மறக்க முடியாத ரசிகர்கள் சிலர், கிளப் பெங்குவின் ரீரிட்டன் என்ற பெயரில் அதைப் போலவே ஒன்றை நடத்தினார்கள். ஆனால் மூல நிரலோ உரிமமோ அவர்களிடம் இல்லை. 2022 ஏப்ரலில் பதிப்புரிமைப் புகாரின் பேரில் லண்டன் மாநகரப் போலீஸ் அந்தத் தளத்தை முடக்கியது. மூன்று பேர் கைது செய்யப்பட்டனர்.

ஆல்ட்ஸ்பேஸ் விஆர் என்ற உலகத்தை மைக்ரோசாஃப்ட் 2017இல் வாங்கி 2023 மார்ச் மாதம் மூடியது. அதில் கூடிவந்த குழுக்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான அனுபவம் உண்டு. அது மெய்நிகர் உலகம் அல்ல, மெய்நிகர் கற்றல் தளம். ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் வந்த ஃபுரோக் விஎல்இ பற்றி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நினைவிருக்கும். ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கான திட்டம் அது. 2019 ஜூன் 30ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. ஜூலை 1 முதல் கூகல் கிளாஸ்ரூமுக்கு மாறும்படி கல்வி அமைச்சு அறிவித்தது. அதில் பழகி, பாடம் தயாரித்து ஏற்றிய ஆசிரியர்கள் புதிய தளத்தில் மறுபடியும் தொடங்கினார்கள்.

இதில் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்பது வேறு விவாதம். ஒப்பந்தம் முடிந்ததும் பயனர்கள் தாங்களாகவே அதைத் தொடர்ந்து நடத்த வழியில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஓப்பன்சிமுலேட்டர்: தொடங்கி வைத்த கதை

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். 2003இல் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. மக்கள் அங்கே நிலம் வாங்கினார்கள், கடை போட்டார்கள், வகுப்பு நடத்தினார்கள். பல்கலைக்கழகங்களும் அதில் வளாகம் அமைத்தன.

2007 ஜனவரியில் லிண்டன் லேப் தன் செயலியின் மூல நிரலைத் திறமூலமாக வெளியிட்டது. சர்வரின் நிரலை வெளியிடவில்லை. ஆனால் அந்தச் செயலியோடு பேசக்கூடிய சர்வரைத் தாங்களே எழுதலாமே என்று சிலர் நினைத்தார்கள். டேரன் கார்ட் என்பவர் அதே மாதத்தில் அந்த வேலையைத் தொடங்கினார். அதுதான் ஓப்பன்சிமுலேட்டர். சுருக்கமாக ஓப்பன்சிம்.

ஓப்பன்சிம் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் தம் கணினியிலேயே ஒரு மெய்நிகர் நிலத்தை நடத்தலாம் என்ற நிலை வந்தது. ஒரு நிலப்பகுதி முழுவதையும், அதில் உள்ள வீடு, மரம், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேமித்து வைக்க முடியும். அந்தக் கோப்பை வேறு கணினியில் ஏற்றினால் அதே நிலம் அங்கே எழும். வீட்டைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது போலத்தான்.

2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகப் பேராசிரியர் கிறிஸ்டா லோப்பஸ் 'ஹைப்பர்கிரிட்' என்ற வசதியைச் சேர்த்தார். ஒருவர் நடத்தும் உலகத்திலிருந்து இன்னொருவர் நடத்தும் உலகத்துக்கு, தம் உருவத்தோடும் பொருள்களோடும் போய்வரலாம். தனித்தனித் தீவுகளாக இருந்தவற்றுக்கு நடுவே பாலம் போட்ட வேலை அது.

ஓப்பன்சிமிலிருந்தும் கிளைகள் பிரிந்தன. பின்லாந்தில் ரியல்எக்ஸ்டெண்ட், பிறகு அரோரா சிம், ஹால்சியன் என்று பல வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சிலருக்குக் காட்சி அழகாக வேண்டும், சிலருக்கு வேகம் வேண்டும், சிலருக்கு நிர்வாக முறை பிடிக்கவில்லை. எல்லாக் கிளைகளும் தழைக்கவில்லை. பல கிளைகள் ஆள் இல்லாமல் நின்றுபோயின. ஆனால் தாய் மரமான ஓப்பன்சிம் இன்றும் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது.

ஒரு முறை அல்ல, இரு முறை கிளைபிரிந்த உலகம்

செகண்ட் லைஃபை உருவாக்கிய பிலிப் ரோஸ்டேல், 2013இல் ஹை ஃபிடெலிட்டி என்ற புது நிறுவனத்தைத் தொடங்கினார். முகத்தில் மாட்டும் விஆர் கருவிகளுக்கான உலகம் அது. இம்முறை சர்வரின் நிரலும் திறமூலமாகவே வெளியிடப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வரவில்லை. 2020 ஜனவரியில் நிறுவனம் தன் பொது உலகத்தை மூடியது.

மூல நிரல் வெளியே இருந்ததால் ஆர்வலர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். முதலில் புராஜெக்ட் ஏதீனா என்று பெயர் வைத்து, பிறகு விர்காடியா என்று மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்தக் குழுவுக்குள்ளேயே எந்தத் திசையில் போவது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. ஒரு பகுதியினர் மீண்டும் கிளைபிரிந்து ஓவர்டே என்ற பெயரில் தொடர்கிறார்கள்.

நிறுவனம் கைவிட்டது, முதல் கிளையிலும் ஒற்றுமை குலைந்தது. அப்படியும் அந்த உலகம் அழியவில்லை. உரிமம் தந்த பாதுகாப்பு அது.

அண்மைய உதாரணம் மோசில்லா ஹப்ஸ். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வெளியிடும் அதே மோசில்லாதான் 2018இல் இதைத் தொடங்கியது. உலாவியிலேயே திறந்து, நண்பர்களோடு கூடிப் பேசும் அறைகள் அமைக்கலாம். கோவிட் காலத்தில் பள்ளிகளும் கலைஞர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். 2024 மே 31ஆம் தேதி மோசில்லா தன் ஹப்ஸ் சேவையை நிறுத்தியது.

ஆனால் நிறுத்துவதற்கு முன்பே பல மாத அவகாசம் கொடுத்தது. பயனர்கள் தாங்கள் உருவாக்கியவற்றைத் தரவிறக்கிக்கொள்ளக் கருவி தந்தது. சொந்தமாகச் சர்வர் அமைத்து நடத்தும் பதிப்பையும் வெளியிட்டது. இன்று ஹப்ஸ் அறக்கட்டளை என்ற அமைப்பு அந்த வேலையைத் தொடர்கிறது. ஒரு நிறுவனம் விலகும்போது எப்படி முறையாக விலகலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

கிளை எல்லாம் நல்ல கிளை அல்ல

கிளைபிரித்தல் எப்போதும் நன்மையில் முடியும் என்று நினைக்க வேண்டாம். மூன்று சிக்கல்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, நம்பிக்கை. செகண்ட் லைஃபின் திறமூலச் செயலியை எடுத்து எமரால்டு என்ற பெயரில் ஒரு குழு மாற்றுச் செயலி வெளியிட்டது. அது மிகவும் பிரபலமானது. 2010 ஆகஸ்டில், அந்தச் செயலியின் நுழைவுத் திரை பயனர்களுக்குத் தெரியாமலே, குழுவை விமர்சித்த ஒருவரின் இணையத்தளத்தைத் தாக்கும்படி வைக்கப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. லிண்டன் லேப் அதைத் தடை செய்தது. அதில் மனம் வெறுத்து வெளியேறியவர்கள் ஃபீனிக்ஸ் என்ற புதுக் கிளையைத் தொடங்கினார்கள். பிறகு ஃபயர்ஸ்டார்ம் என்ற செயலியைத் தந்தார்கள். இன்று செகண்ட் லைஃபிலும் ஓப்பன்சிமிலும் பலரும் பயன்படுத்துவது அதைத்தான். நோயும் கிளையில் வந்தது, மருந்தும் கிளையில் வந்தது.

இரண்டாவது, உரிமக் குழப்பம். மைன்கிராஃப்ட் விளையாட்டு திறமூலம் அல்ல. ஆனால் அதற்கான சர்வரை ரசிகர்கள் புக்கிட் என்ற பெயரில் திருத்தி வெளியிட்டுவந்தார்கள். அதில் நிறுவனத்தின் மூடிய நிரலும் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த நிரலும் கலந்திருந்தன. 2014 செப்டம்பரில், அதற்கு நிரல் எழுதித் தந்த ஒருவரே பதிப்புரிமை அறிவிப்பு அனுப்ப, புக்கிட்டைத் தரவிறக்க முடியாமல் போனது. அதே மாதம்தான் மைக்ரோசாஃப்ட் 250 கோடி அமெரிக்க டாலருக்கு மைன்கிராஃப்டை வாங்குவதாக அறிவித்தது. பிறகு ஸ்பிகோட், பேப்பர் என்ற கிளைகள் வேலையைத் தொடர்ந்தன. அடித்தளம் நமதில்லை என்றால் மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஆபத்துதான்.

மூன்றாவது, போலிகள். திறமூல விளையாட்டைப் பிரதியெடுத்து, பெயரை மாற்றி, நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் திணித்துச் செயலிக் கடையில் விடுபவர்களும் உண்டு. அதுவும் ஒருவகைக் கிளைதான். பிள்ளைகளின் கைப்பேசியில் பெரும்பாலும் வந்து சேர்வது இதுவே. ஆகவே செயலியை இறக்குவதற்கு முன்பு, அது மூலத் திட்டத்தின் இணையத்தளத்திலிருந்து வருகிறதா என்று பெற்றோர் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நிரலுக்கான உரிமை என்பது அந்த உலகத்தில் மற்றவர் செய்த பொருள்களுக்கான உரிமை ஆகாது. ஒருவர் வடிவமைத்த சேலையையோ தேரையோ அனுமதி இல்லாமல் இன்னோர் உலகத்துக்கு எடுத்துப் போவது திருட்டுதான்.

பழைய கணினியிலும் ஓடும் லுவான்டி

நம் பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமானது லுவான்டி. 2010இல் பின்லாந்துக்காரர் பெர்த்து அஹோலா இதை மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கினார். 2024 அக்டோபரில் பெயர் லுவான்டி என்று மாறியது. மைன்கிராஃப்ட் போலவே கட்டம் கட்டமாகக் கட்டும் உலகம்தான். ஆனால் முழுக்க முழுக்கத் திறமூலம். பணம் கட்ட வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும்.

இதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. அடியில் இயந்திரம் ஒன்று, அதன்மேல் பலர் எழுதிய விளையாட்டுகள் தனித்தனியாக. மைன்குளோன்2 என்ற விளையாட்டிலிருந்து மைன்குளோனியா என்ற கிளை பிரிந்தது. மைன்குளோன்2 பிறகு வாக்சலிப்ரே என்று பெயர் மாறியது. இரண்டுமே இன்று நன்றாக நடக்கின்றன. பிள்ளைகள் எது பிடிக்கிறதோ அதை விளையாடலாம்.

நாம் கட்டும் உலகம் ஒரு சாதாரணக் கோப்புறையாக நம் கணினியிலேயே இருக்கும். அதைப் பென்டிரைவில் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளலாம். பள்ளியின் கணினிக் கூடத்தில் ஒரு கணினியைச் சர்வராக்கி, மற்றக் கணினிகளை உள்வலையில் இணைத்தால் போதும். இணையம் விட்டு விட்டு வரும் இடத்திலும் முப்பது பிள்ளைகள் சேர்ந்து கட்டலாம். வெளியாள் யாரும் நுழைய முடியாது என்பதால் பெற்றோருக்கும் நிம்மதி.

தமிழ் எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு

லுவான்டியில் மலாய் மொழி இடைமுகம் உண்டு. யாரோ ஒரு நிறுவனம் காசு கொடுத்துச் செய்ததல்ல. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துச் சேர்த்தது.

தமிழுக்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. 'கொ' என்று எழுதும்போது ககரத்துக்கு முன்னாலும் பின்னாலும் குறி வர வேண்டும். கணினிக்குள் எழுத்துகள் சேமிக்கப்படும் வரிசை வேறு, திரையில் தோன்ற வேண்டிய வரிசை வேறு. அதைச் சரிசெய்து அடுக்கும் படி ஒன்று மென்பொருளில் இருந்தாக வேண்டும். சிறிய விளையாட்டு இயந்திரங்கள் பலவற்றில் இந்தப் படி இருப்பதில்லை. லுவான்டியிலும் நெடுங்காலம் இருக்கவில்லை. அதனால்தான் இந்தி, கன்னடம், அரபு போன்ற மொழிகளும் சிரமப்பட்டன.

மூடிய மென்பொருளாக இருந்தால் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தமிழ்ச் சந்தை சின்னது என்று அவர்கள் ஒதுக்கலாம். திறமூலத்தில் நிரல் தெரிந்த ஒரு தமிழ் இளைஞர் அந்தப் படியை எழுதித் தாய்த் திட்டத்துக்கே அனுப்பலாம். அவர்கள் ஏற்காவிட்டால் தமிழுக்கென்று ஒரு கிளையே வைத்துக்கொள்ளலாம். கணினித் துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடினால், இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது அரிது.

உரிமம் பாதி, உழைப்பு மீதி

உரிமம் இருந்தால் மட்டும் உலகம் பிழைக்காது. சர்வருக்கு மாதச் செலவு உண்டு. பழுது பார்க்க ஆள் வேண்டும். கெட்ட வார்த்தை பேசுகிறவரை வெளியேற்ற ஒருவர் வேண்டும். பிழைத்த கிளைகள் எல்லாம் செலவையும் வேலையையும் பலர் பகிர்ந்துகொண்ட கிளைகள்தான்.

இதுவும் நமக்குத் தெரிந்த பாடமே. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய காலத்தில், துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். பால்மரம் வெட்டியவர்கள் கட்டிய அந்தப் பத்து வெள்ளிகள்தான் தோட்டங்களை வாங்கின. உரிமையாளர் போன பிறகு இடத்தைக் காப்பாற்ற, இருப்பவர்கள் கூடிக் கை கொடுக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

நிலத்துக்கு விலை கொடுத்தாக வேண்டும். திறமூல நிரலுக்கு விலை இல்லை. அங்கே கேட்கப்படும் பத்து வெள்ளி, நம் நேரமும் கவனமும்தான்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

லுவான்டியில் ஒரு கட்டத்தை ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்தால், அதன் நிலப்பரப்பு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 62 கிலோமீட்டர் நீளும். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரையிலான நம் வட்டாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

2014இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை, தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் உண்மை அளவில் உருவாக்கி மாணவர்களுக்குக் கொடுத்தது. நாம் நாடு முழுவதையும் கட்ட வேண்டாம். இன்று செம்பனை மட்டுமே நிற்கும் இடத்தில் முன்பு இருந்த ஒரு லயத்தைக் கட்டினால் போதும். பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கொப்பரை காய வைத்த இடம், ஆற்றங்கரை முனியாண்டி, குழாயடி என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கட்டலாம். எந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, எந்த மரம் எங்கே நின்றது என்பதைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டால்தான் தெரியும். கேட்கும் அந்த உரையாடலே பெரிய பலன்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள், முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆலய இளைஞர் பிரிவுகளும் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கங்களும் பழைய கணினி இரண்டு மூன்றைச் சேர்த்தால் தொடங்கிவிடலாம்.

எந்த மெய்நிகர் உலகத்தில் கட்டத் தொடங்கினாலும் நான்கு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நாம் கட்டுவதை நம் சொந்தக் கணினியில் சேமித்து எடுத்துப் போக முடியுமா?

2. செயலி மட்டுமல்ல, சர்வரின் மூல நிரலும் திறந்த உரிமத்தில் இருக்கிறதா?

3. கடவுச்சொல்லும் பிரதிக் கோப்பும் ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா, இரண்டு மூன்று பேரிடமும் இருக்கிறதா? ஆசிரியர் மாற்றலாகிப் போனால் உலகமும் அவரோடு போய்விடக் கூடாது.

4. பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள் என்பதைக் கவனிக்கப் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அங்கே விளையாடுவதில் தவறில்லை. ஆனால் காலத்துக்கும் நிற்க வேண்டிய எதையும் அங்கே கட்ட வேண்டாம். அது இன்னொருவர் நிலம்.